சிக்னல் கரண்டி

எங்கள் வீட்டில் மரியாதை என்று ஒரு சாமான் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், போன வருஷம் வரைக்கும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். என் மகள் பட்டாணிக்கு அப்போது ஐந்து வயது. உருவத்தைப் பார்த்து அவள் அப்பா வைத்த செல்லப்பெயர் அது. வாயைப் பார்த்து வைத்திருந்தால் வேறு ஏதாவதுதான் வைத்திருக்க வேண்டும். அப்பாவையே "டேய் அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அவர் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் கூட்டாளிகள் அவரை "டேய்" போட்டுக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் அதே தொற்றிக்கொண்டது. கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்றால், "பாசமா கூப்பிடுது, விடும்மா" என்பார். சொல்லும்போதே வாயெல்லாம் பல்.

அந்தப் பாசத்தால் எங்களுக்கு இரண்டு வீடு கைநழுவிப் போயிற்று.

நான் திரைச்சீலை தைப்பவள். சட்டை தைக்கிறவர்களுக்கு ஒரு மூலை போதும். திரைக்கு அது ஆகாது. துணியை முழு நீளத்துக்கும் விரித்துப் போட்டால்தான் நேராக வெட்ட முடியும். மடித்துப் போட்டு வெட்டினால், தொங்கவிட்ட பிறகு ஒரு பக்கம் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நாங்கள் இருந்ததோ மூன்றாவது மாடியில் ஒரு தீப்பெட்டி. ஹாலில் என் நீள மேசையைப் போட்ட பிறகு, குடும்பமே பக்கவாட்டில்தான் நடக்கும். மெஷினை ஓட்டினால் கீழ்வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? பதிலுக்குக் காலால் ஒரு இடி இடிப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், அதை நான் மறைத்ததும் இல்லை.

அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதே நேரத்தில்தான் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து, கட்டிலைச் சுற்றி இழுத்து மூடுகிற திரைகள் மொத்தத்தையும் எனக்கே தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். என் பிழைப்பில் அவ்வளவு பெரிய வேலை அதற்கு முன்னால் வந்ததில்லை. மேசை போட ஒரு வீடு கிடைக்காவிட்டால் அந்த வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழையபடி ரெடிமேட் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அங்கே நான் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் காலர் மட்டும் தைத்தவள். சட்டை முழுசாக எப்படி இருக்கும் என்றுகூடப் பார்த்ததில்லை. 

முதலில் பார்த்த வீட்டின் ஓனரிடம், அவர் தலையையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது உன் முடியா?" என்று கேட்டாள் பட்டாணி. அது அவர் முடி இல்லை. இரண்டாவது வீட்டுக்கார அம்மாள் ஆசையாக பிஸ்கட் கொடுத்தார். "நமத்துப் போச்சு. உனக்கு டப்பா மூடத் தெரியாதா?" என்றாள். இரண்டு இடத்திலும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வீடு டிப்போவுக்குப் பின்தெருவில் இருந்தது. தரைத்தளம். ஹாலைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மேசையைப் போட்டு, அதைச் சுற்றி மனுஷர்கள் மனுஷர்களாக நடக்கலாம். மாடியில் ஓனரும் அவர் மனைவியும் மட்டும். ஓனர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மூக்கில் கண்ணாடி, முன்னால் தொப்பை, பின்னால் கட்டிய கை, பேசுவதற்கு முன்னால் ஒரு செருமல். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் சொன்னார்:

"எல்லாரும் என் வீட்டைப் பார்க்க வர்றாங்க. நான் அவங்க வீட்டைப் பார்த்துட்டுத்தான் சாவி குடுக்கிறது. குழந்தை இருக்குன்னீங்க இல்ல? குழந்தை எப்படி நடந்துக்குதுன்னு பார்த்தா போதும், குடும்பம் தெரிஞ்சுடும். அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றோம்."

 நல்லவேளை, பட்டாணியை அன்று அழைத்துப் போகவில்லை.

மறுநாளே பாடம் ஆரம்பித்தது. பெரியவர்களை "வாங்க, போங்க" என்றுதான் பேச வேண்டும். மூடிய கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். இவ்வளவு சுலபமா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

சாயங்காலத்துக்குள் சந்தேகம் தெளிந்தது. யார் பெரியவர் என்று நான் சொல்லித் தரவில்லை. அதனால் அவள் யாரையும் விட்டுவைக்கவில்லை. "அம்மா, பூனை வந்திருக்காங்க. கால் நக்கிக்கிட்டு இருக்காங்க." "அம்மா, பால் பொங்கிட்டாங்க." கட்டில் காலில் இடித்துக்கொண்டு அழுதபோதும், "கட்டில் என்னை இடிச்சிட்டாங்க" என்றுதான் அழுதாள். பிரிட்ஜைத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து பதில் வரும் வரைக்கும் வாசலிலேயே நின்றாள். கக்கூசைத் தட்டி, "உள்ள வரலாங்களா?" என்று அவள் கேட்க, உள்ளே இருந்த அப்பா பட்ட பாட்டை அவரே டிப்போவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

குறுக்கே பேசாமல் இருப்பதுதான் அவள் தலையில் ஏறவே இல்லை. "பேசாதேன்னா எதுக்கு வாய் இருக்கு?" என்று நியாயம் கேட்டாள்.

"நீ சொல்ற மாதிரி சொன்னா அவளுக்குப் புரியாது. ரோட்டுல..." என்று ஆரம்பித்தார் என் கணவர்.

"ரோட்டையும் பஸ்ஸையும் வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க."

"இல்லம்மா, ரோட்டுல ஒருத்தன் போகும்போது..."

"அடுப்புல வேலை இருக்கு எனக்கு."

அவர் பொறுமையாக நின்றார். பிறகு என் துணிக் கூடையில் கைவிட்டு, சிவப்பில் ஒரு துண்டும் பச்சையில் ஒரு துண்டும் எடுத்துக் கொடுத்து, வட்டமாகத் தைத்துத் தரச் சொன்னார். நான் முணுமுணுத்துக்கொண்டே தைத்தேன். அதைச் சமையலறை மரக்கரண்டியின் தலையில் உறைபோல மாட்டினார். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை.

"பாரு பட்டாணி, இது சிக்னல். யார் பேசுறாங்களோ அவங்களுக்குப் பச்சை. மத்தவங்களுக்குச் சிவப்பு. முதல்ல வந்த வண்டி முதல்ல போகணும். ரொம்ப நேரமா ஒரு வண்டி நின்னா, அதைப் போக விட்டுடணும். போலீஸ் நீதான்."

அவ்வளவுதான். அன்று முதல் அந்தக் கரண்டி அவள் கையை விட்டு இறங்கவில்லை. சாப்பிடும்போது இடது கையில் கரண்டி. பல் தேய்க்கும்போது கக்கத்தில் கரண்டி. யாராவது வாய் திறந்தால் பச்சை, மற்றவர்களுக்குச் சிவப்பு. ஒரு விஷயத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். சிவப்பு அதிகமாக விழுந்தது எனக்குத்தான். என் வீடு, என் சமையலறை, என் கரண்டி, எனக்கே சிவப்பு! என் கணவரை அதிகம் பேசாத ஆள் என்றுதான் இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பச்சை கிடைத்த பிறகுதான் அந்த மனுஷனிடம் இவ்வளவு பேச்சு இருப்பது தெரிந்தது. அதில் பாதி நன்றாகவும் இருந்தது.

ஞாயிறு நெருங்க நெருங்க எனக்குக் கை கால் ஓடவில்லை. "புது ரூட்டுல முதல்ல காலி வண்டியைத்தான் ஓட்டிப் பார்ப்போம். ஒரு ட்ரையல் போட்டுடலாம்" என்றார் கணவர். வெளியே போய்விட்டு, கதவைத் தட்டினார். திறந்தால் நிற்பது ஓனர்! சட்டைக்குள் தலையணை, மூக்கில் என் கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் கட்டிய கை. "ஹ்ர்ர்ம்ம்" என்று ஒரு செருமல். ஒரே ஒரு தடவை பார்த்த மனிதரை அச்சாக உரித்து வைத்திருந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பட்டாணி "வாங்க" என்று சொல்ல வேண்டும். "உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்ட வேண்டும். தண்ணீர் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். பிறகு முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தால், அந்த ஓனரின் சட்டைக்குள்ளிருந்து அவள் தலையணையை உருவிக்கொள்ளலாம். அதை வைத்தே அவரை நாலு சாத்து சாத்தலாம். அதுதான் பரிசு. பரிசுக்காகவே பட்டாணி ஒரு நாளைக்கு எத்தனை ட்ரையல் வேண்டுமானாலும் ஓட்டத் தயாராக இருந்தாள். சனிக்கிழமைக்குள் ஒரு பிசகு இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. ஓனர், பின்னால் அவர் மனைவி. ஒல்லியான, சின்ன உருவம். பட்டாணி கதவைத் திறந்து, "வாங்க" என்றாள். "உட்காருங்க" என்றாள். கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாள். பிறகு முக்காலியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அவளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

ஓனர் செருமினார். "ஹ்ர்ர்ம்ம்."

"அப்பா, உங்களை மாதிரியே பண்றாருங்க!" என்றாள் பட்டாணி.

என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, ஓனர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சுவரையும் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தத் திரை..." என்று ஆரம்பித்தார்.

"சுவர்ல ஆணி அதிகம் இல்ல. நல்ல பழக்கம்" என்றார் ஓனர்.

"இல்ல, இது வந்து..."

"சமையலறையும் சுத்தமாத்தான் இருக்கு" என்று அவரே சொன்னார். மனைவி வாயை மூடிக்கொண்டார். பழகிப்போன மூடல். பட்டாணி முக்காலியிலிருந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பரவாயில்லையே. இவ்வளவு மரியாதையா ஒரு குழந்தையை நான் பார்த்ததில்ல" என்றார் ஓனர். சாவி என் கையில் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். மனசுக்குள் மேசையைக்கூடப் போட்டுவிட்டேன்.

பட்டாணி இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். "நான் எல்லாம் சரியா பண்ணிட்டேன் இல்லீங்களா?"

"ரொம்ப சரியா பண்ணிட்டம்மா."

"அப்போ எடுத்துக்கட்டுங்களா?"

மேசைமேல் பிஸ்கட் தட்டு இருந்தது. ஓனர் அதைப் பார்த்துச் சிரித்தார். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. இதுக்கெல்லாமா கேட்பாங்க?"

எனக்குப் புரிவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இரண்டு கையாலும் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பு. பட்டன் ஒன்று தெறித்து என் நீள மேசைக்கு அடியில் உருண்டது. பட்டாணி உள்ளே கைவிட்டு, பனியனுக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவி, தலையணையின் மூலையைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஒரு பிடி பிடித்து இழுத்தும் பார்த்தாள். ஓனர் "ஆ!" என்றார்.

"அம்மா, தலையணை ஒட்டிக்கிட்டிருக்காங்க. வர மாட்டேங்குறாங்க!"

நான் பாய்ந்து அவளை இழுத்தேன். "மன்னிப்புக் கேளுடி!"

"மன்னிச்சிடுங்க. எங்கப்பா ஓனரா வர்றப்போ சுலபமா வந்துடும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே ஓடினாள். நாங்கள் தடுப்பதற்குள் சாட்சியைக் கொண்டு வந்துவிட்டாள். தலையணையும் என் கண்ணாடியும். "இதோ, இதை வச்சுக்கிட்டு இப்படி நடப்பாருங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருமி, நடந்தும் காட்டினாள்.

ஓனர் என் கணவரைப் பார்த்தார். "யாரு இது? நானா?"

"ட்ரையல் போட்டோம் சார்" என்றார் என் கணவர், அசடு வழிய.

அவர் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஓனர் எழுந்தார். விட்டுப்போன பட்டன் இடத்தைக் கையால் மூடிக்கொண்டு, "நாங்க யோசிச்சுச் சொல்றோம்" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு மனப்பாடம். போயிற்று. ஹால் போயிற்று, ஆஸ்பத்திரித் திரை போயிற்று. மறுபடி காலர். எனக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். "அஞ்சு வயசுக் குழந்தை சார், தெரியாம பண்ணினது..." என்று நான் குரலை உயர்த்த, "குழந்தையைச் சொல்லலம்மா, பெரியவங்களைத்தான்..." என்று அவர் உயர்த்த, "தப்பு என்னோடது சார்" என்று என் கணவர் நடுவில் விழ, "நான் என்ன சொல்றேன்னா..." என்று அவர் மனைவி ஆரம்பிக்க, "நீ சும்மா இரு" என்று ஓனர் அதட்ட, வீடு சந்தைக்கடை ஆகிவிட்டது.

பட்டாணி முக்காலிமேல் ஏறினாள். கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"எல்லாருக்கும் சிவப்பு!"

பேச்சு அப்படியே நின்றது. நானும் கணவரும் பழக்கத்தில் நின்றுவிட்டோம். ஓனர் திகைப்பில் நின்றார். பட்டாணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, ஓனரம்மாவிடம் வந்ததும் கரண்டியைத் திருப்பினாள்.

"இவங்க வந்ததுல இருந்து நின்னுக்கிட்டே இருக்காங்க. இவங்கதான் முதல்ல போகணும்."

ஓனரம்மா கரண்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி கரண்டியைப் பார்த்தார். இன்னும் பச்சைதான். "ஒண்ணுமில்ல, இந்தத் திரை நீங்க தைச்சதான்னு கேட்கலாம்னு..." என்றார் மெதுவாக. யாரும் குறுக்கே வராததில் அவருக்கே ஆச்சரியம் போல. கொஞ்சம் நிமிர்ந்தார்.

"அடிமடிப்பு ஒரே கோடா இருக்கு. இவ்வளவு நல்லா தைக்கிறவங்களுக்கு ஏன் இந்த இடுக்குல வேலைன்னு நினைச்சேன். கீழ் வீடு காலியா கிடக்கிறது எனக்குப் பிடிக்கல. வந்தவங்க எல்லாரையும் இவர் ஒவ்வொரு குறை சொல்லி அனுப்பிட்டாரு. காலைல கடைக்குப் போயிடுவாரு. நான் நாலு சுவத்தையும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். வந்தா அவர் பேசுவாரு, நான் கேட்டுக்கிட்டிருப்பேன். மெஷின் சத்தம் எனக்குத் தொந்தரவு இல்ல. துணை."

ஓனர் வாயைத் திறந்தார். கரண்டியின் சிவப்புப் பக்கம் அவர் மூக்குக்கு நேராக வந்து நின்றது. மூடிக்கொண்டார்.

"அது எங்கம்மா என் பேர்ல எழுதி வச்ச வீடு" என்று தொடர்ந்தார் ஓனரம்மா. குரலில் கோபம் இல்லை, நடுக்கமும் இல்லை. "சாவியை இவங்களுக்குத்தான் குடுக்கப் போறேன். இந்தக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு மேலதான் நான் இருக்கணும். அவ்வளவுதான். முடிச்சுட்டேன்."

பட்டாணி கரண்டியை ஓனர் பக்கம் பச்சையாகத் திருப்பினாள். "இப்ப நீங்க."

அந்த மனிதர் மனைவியைப் புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் செருமினார். செருமலில் பழைய சுருதி இல்லை.

"என் பட்டன் எங்க?" என்றார்.

நான் மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய்த் தேடி எடுத்து வந்து, அங்கேயே தைத்துக் கொடுத்தேன். ஊசியில் நூல் கோக்க முடியாதபடி கண் நிறைந்திருந்தது. கணவர்தான் கோத்துத் தந்தார்.

புறப்படும்போது ஓனரம்மா பட்டாணி முன்னால் குனிந்து, "இதை எனக்குத் தருவியா?" என்று கேட்டார். பட்டாணி கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். யோசித்தாள். "கீழ போடக்கூடாது. முதல்ல வந்த வண்டி முதல்ல போகணும். சரிங்களா?" என்று விளக்கிவிட்டு, நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

புது வீட்டுக்கு வந்த அன்று, மேசையைச் சுற்றி நேராக ஒரு நடை நடந்தேன். பக்கவாட்டில் இல்லை. அதற்கே எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரித் துணிகள் முழு நீளத்துக்குப் படுத்துக்கொண்டன. மெஷினை மிதித்தேன். யாரும் கூரையையும் இடிக்கவில்லை, தரையையும் இடிக்கவில்லை. சாயங்காலங்களில் மேலேயிருந்து ஓனரின் குரல் கேட்கும். பாதியில் பட்டென்று நிற்கும். பிறகு அவர் மனைவியின் குரல், அவசரமில்லாமல், வெகுநேரத்துக்கு. நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

முதல் கட்டுத் திரைகள் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் காலை, கதவு தட்டப்பட்டது. பட்டாணி திறந்தாள். ஓனர் நின்றுகொண்டிருந்தார். கை பின்னால் கட்டியிருந்தது. தொப்பை வழக்கத்தைவிட ஒரு சுற்று பெரிதாக இருந்தது. அதற்கு இரண்டு மூலைகள் வேறு முளைத்திருந்தன.

"ஹ்ர்ர்ம்ம்" என்றார்.

"வாங்க" என்றாள் பட்டாணி. "உட்காருங்க" என்றாள். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அவள் முக்காலியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அவசரப்படவே இல்லை. "ஐயோ, நீங்க எதுக்கு சார் இப்படியெல்லாம்..." என்று நான் வாயைத் திறந்தேன். பட்டாணி என்னைப் பார்த்து உள்ளங்கையை நீட்டினாள். சிவப்பு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எல்லாம் சரியா பண்ணிட்டேன் இல்லீங்களா?"

"அதை என்னைக் கேட்காதே" என்றார் ஓனர். "போலீஸ் அங்க நிக்கிறாங்க."

பட்டாணி திரும்பி மாடிப்படியைப் பார்த்தாள். அங்கே நின்றிருந்த ஓனரம்மா கரண்டியை உயர்த்திப் பச்சையைக் காட்டினார். பட்டாணி இரண்டு கையாலும் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.